சைபீரியப் பூனையின் நிறமும் கோடும்: தில்லித் தமிழ் வீடுகளிலிருந்து வரும் கேள்விகள்

ஆர்.கே.புரம், மயூர் விஹார், துவாரகா பக்கமெல்லாம் இப்போது நம்மவர்கள் வீட்டிலும் நீளமுடிப் பூனைகள் வந்துவிட்டன. பூனை வாங்கப் போகிறவர்கள், வாங்கிவிட்டுக் குழம்புகிறவர்கள் என்று பலரும் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவை அனுப்பி, 'இது என்ன கலர்? விற்கிறவர் அபூர்வம் என்கிறாரே, உண்மையா?' என்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிறத்துக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். ஆனால் நிறத்தைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். குட்டியின் பெற்றோர் பற்றிச் சொல்லப்படும் கதை பொருந்துகிறதா என்று அதை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

சைபீரியப் பூனைக்கு 'அசல் நிறம்' என்று ஒன்று உண்டா?

கிடையாது. ரஷ்யாவில் தானாகவே உருவான இனம் இது. ஒரு குறிப்பிட்ட நிறத்துக்காக யாரும் உட்கார்ந்து உருவாக்கியதல்ல. சைபீரியன் என்றதும் பலர் மனத்தில் வருவது பழுப்பு நிற உடம்பில் கருப்புக் கோடுகள் உள்ள 'பிரவுன் டாபி'. அதுதான் காட்டுப் பூனைகளின் பழைய தோற்றத்துக்கும் பக்கத்தில் இருப்பது. ஆனால் கருப்பு, சாம்பல், செவலை, க்ரீம், வெள்ளை, மூவண்ணம், சில்வர், கோல்டன் எல்லாமே சைபீரியனில் உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. 'சாக்லேட் சைபீரியன்', 'லைலாக் சைபீரியன்', 'சின்னமன் சைபீரியன்' என்றெல்லாம் விளம்பரம் வருகிறது. ஐரோப்பாவின் பெரிய பூனைச் சங்கமான ஃபிஃபே இந்த நிறங்களைச் சைபீரியனில் ஏற்பதில்லை. இவை வேறு இனக் கலப்பிலிருந்து வந்திருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானது. இப்படி ஒரு குட்டிக்கு 'ரேர் கலர்' என்று கூடுதல் பணம் கேட்டால் முதலில் வம்சாவளிச் சான்றிதழைக் கேளுங்கள்.

இத்தனை நிறங்கள் எங்கிருந்து வருகின்றன?

எல்லாப் பூனைகளிடமும் இருப்பது இரண்டே நிறமிகள்தான். ஒன்று கருப்பு தருவது, யூமெலனின். மற்றொன்று செம்மஞ்சள் தருவது, ஃபியோமெலனின். மீதியெல்லாம் இந்த இரண்டையும் கூட்டுவது, குறைப்பது, அடக்குவது என்ற வேலைதான்.

சாம்பல் பூனையை எடுத்துக்கொள்ளுங்கள். பூனைக்காரர்கள் அதை 'ப்ளூ' என்பார்கள். அதன் முடியில் இருப்பதும் அதே கருப்பு நிறமிதான். ஆனால் அது முடி முழுக்கச் சீராகப் பரவாமல் கட்டிகட்டியாகச் சேர்ந்து, நடுவில் இடைவெளி விட்டு நிற்கிறது. வெள்ளைத் தட்டில் கருப்பு எள்ளை அங்கங்கே தூவிவிட்டுத் தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பலாகத் தெரியும் இல்லையா, அது மாதிரி. இதே மாற்றம் செவலைப் பூனையில் நடந்தால் க்ரீம். இந்த வெளிர் நிறத்துக்கான மரபணு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். அதனால் இரண்டு கருப்புப் பூனைகளுக்குச் சாம்பல் குட்டி பிறக்கலாம். இரண்டு சாம்பல் பூனைகளுக்குக் கருப்புக் குட்டி பிறக்காது.

கோடுகளில் என்னென்ன வகை?

நான்கு. விலா எலும்பு மாதிரி மெல்லிய செங்குத்துக் கோடுகள் என்றால் மேக்கரல். பக்கவாட்டில் அகலமான சுழல் இருந்தால் கிளாசிக். கோடு உடைந்து புள்ளியாக நின்றால் ஸ்பாட்டட். உடம்பில் கோடே இல்லாமல் ஒவ்வொரு முடியிலும் கருப்பும் பழுப்பும் மாறிமாறி வந்தால் டிக்ட். நான்கிலும் நெற்றியில் ஆங்கில 'எம்' எழுத்து போன்ற குறி இருக்கும்.

மேக்கரலுக்கும் கிளாசிக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரே மரபணுவால் வருகிறது. 'டாக்பெப்' என்ற அந்த மரபணுவை 2012-இல் கண்டுபிடித்தார்கள். ஆப்பிரிக்காவின் 'கிங் சீட்டா' என்ற அரிய சிவிங்கிப்புலியின் உடம்பில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டுகளாக இருப்பதற்கும் இதே மரபணுதான் காரணம். எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது. உங்கள் வீட்டு சோபாவில் தூங்கும் கிளாசிக் டாபிக்கும் ஆப்பிரிக்கப் புல்வெளியில் ஓடும் அந்த விலங்குக்கும் திட்டு வந்த வழி ஒன்றே. கருவில் முடி முளைப்பதற்கு முன்பே தோலில் இந்தக் கோலம் தீர்மானமாகிவிடுகிறது என்பதை 2021-இல் வந்த ஆய்வு காட்டியது.

எங்கள் பூனைக்குக் கோடு இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. என்ன வகை?

சைபீரியனில் இது சகஜம். மேல்முடி, நடுமுடி, அடிப்பஞ்சு என்று மூன்றடுக்கு முடி. ஜனவரிக் குளிரில் அடிப்பஞ்சு முழுதாக வளர்ந்து நிற்கும்போது கோடெல்லாம் கலங்கிப்போகும். மே மாதம் முடி உதிர்ந்த பிறகு பாருங்கள், அதே பூனையில் கோடு பளிச்சென்று தெரியும். அதுவரை பொறுக்க முடியாதென்றால் முடி குட்டையாக உள்ள இடங்களைப் பாருங்கள்: முகம், கால்கள். வாலில் வளையங்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

செவலைப் பூனை விஷயம் தனி. கோட்டை மறைத்து ஒரே நிறமாக்கும் மரபணு கருப்பு நிறமியில்தான் வேலை செய்யும், செம்மஞ்சளில் பலிக்காது. அதனால் எந்தச் செவலைப் பூனைக்கும் கொஞ்சமாவது கோடு தெரியத்தான் செய்யும். 'சாலிட் ரெட் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்' என்று வருத்தப்பட வேண்டாம், இதில் விற்றவர் மேல் தப்பில்லை. கருப்புக் குட்டிகளிலும் முதல் சில மாதங்கள் வெயில் படும்போது மங்கலான கோடு தெரியும். வளர வளரப் போய்விடும்.

சில்வர், ஸ்மோக், கோல்டன், சன்ஷைன்: இவற்றை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

விற்பவர்கள் அதிகம் விளையாடும் இடம் இதுதான், அதனால் நிதானமாகப் பார்க்கலாம்.

ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் பூனையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ட்யூப்லைட் வேண்டாம், அது நிறத்தை மாற்றிக் காட்டும். முதுகின் நடுவில் இரண்டு கட்டைவிரலாலும் முடியை வகிடெடுத்துத் தோல் தெரியும்வரை பிரியுங்கள். முடியின் அடிப்பாகம் பால் வெள்ளையாக இருந்து, நுனியில் மட்டும் கருப்போ சாம்பலோ இருந்தால் அது சில்வர் வகை. கோடும் இருந்தால் சில்வர் டாபி. கோடில்லாமல் மேலே முழுக் கருப்பாகத் தெரிந்து உள்ளே வெள்ளை என்றால் ஸ்மோக். ஸ்மோக் பூனை படுத்திருக்கும்போது சாதாரணக் கருப்புப் பூனைதான். எழுந்து நடக்கும்போது முடி விலகி உள்ளிருக்கும் வெள்ளை தெரிந்து தெரிந்து மறையும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். முடியின் அடிப்பாகம் மங்கிய சாம்பலாக இருந்தால் அது சாதாரண டாபி, சில்வர் இல்லை.

சில்வர் மரபணு பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், வெளியே தெரிந்துவிடும். திருப்பிச் சொன்னால், சில்வர் குட்டிக்கு அப்பாவோ அம்மாவோ ஒருவராவது சில்வராக இருக்க வேண்டும். செவலையிலும் க்ரீமிலும் சில்வர் இருப்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாமல் போகலாம் என்பதால் அங்கே மட்டும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

கோல்டனில் கதை வேறு. ஒவ்வொரு முடியிலும் செம்மஞ்சள் பட்டை அகலமாகி, கருப்பு நுனிக்கு ஒதுங்கிவிடும். சைபீரியனில் மட்டும் 'சன்ஷைன்' என்று ஒரு வகையை வளர்ப்பவர்கள் பல வருடங்களாகச் சொல்லிவந்தார்கள். சாதாரண டாபிக்கு மூக்கைச் சுற்றி மை தீட்டியது போலக் கருப்பு ஓரம் இருக்கும். சன்ஷைன் பூனைக்கு அந்த ஓரம் இருக்காது, அல்லது மிக மங்கலாக இருக்கும். மூக்கு இளஞ்சிவப்பாகவும் அதைச் சுற்றி முடி வெளிறியும் தெரியும். இதற்குக் காரணம் 'கோரின்' என்ற மரபணுவில் உள்ள மாற்றம் என்று 2021-இல் கண்டறிந்தார்கள். இது இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் தெரியும். ஆகவே 'கோல்டன் சன்ஷைன்' என்று யாராவது விற்றால் முதலில் மூக்கைப் பாருங்கள்.

கோல்டன் குட்டிகள் பிறக்கும்போது கருமையாகத்தான் இருக்கும். நிறம் தெளிய மாதக்கணக்கில் ஆகும். நம் நாட்டில் 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. அந்த எட்டு வாரத்தில்கூடக் கோல்டன் முழுதாகத் தெளிந்திருக்காது. அதற்கும் சிறிய குட்டியைக் காட்டிக் 'கோல்டன், இவ்வளவு தொகை' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூவண்ணப் பூனை எல்லாம் பெண்ணாகவே இருக்குமாமே?

கிட்டத்தட்ட எல்லாம். செவலை நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு ஒரு எக்ஸ்தான், அது அம்மாவிடமிருந்து வருவது. அதனால் ஆண் ஒன்று செவலை, இல்லையென்றால் கருப்பு வகை. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் செவலை, மற்றதில் கருப்பு இருந்தால் இரண்டும் கலந்து வரும், அதைத்தான் 'டார்ட்டி' என்பார்கள். கருவிலேயே ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றை அணைத்துவிடுகிறது, எதை அணைக்கிறது என்பதில் ஒழுங்கு கிடையாது. செவலை எக்ஸ் வேலை செய்யும் இடத்தில் செவலைத் திட்டு, மற்ற இடத்தில் கருப்பு. பெண் உடலில் எக்ஸ் இப்படி அணைகிறது என்று 1961-இல் எடுத்துச்சொன்னவர் இங்கிலாந்தின் மேரி லயன். இதனால்தான் டார்ட்டி பூனைகளில் ஒன்றின் கோலம் போல இன்னொன்றுக்கு அமைவதே இல்லை. டார்ட்டியோடு வெள்ளைத் திட்டுகளும் சேர்ந்தால் மூவண்ணம்.

அந்தச் செவலை மரபணு எது என்பது வெகுகாலம் தெரியாமலே இருந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட், ஜப்பானின் கியூஷு ஆகிய இரண்டு பல்கலைக்கழகக் குழுக்களின் ஆய்வுகள் 2025-இல் வெளியாயின. 'ஏஆர்எச்ஜிஏபி36' என்ற மரபணுவுக்குள் சுமார் 5,000 டிஎன்ஏ எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு விடுபட்டிருப்பதுதான் காரணம். தெருவில் போகும் செவலைப் பூனையிடமும் இதுதான், சைபீரியனிடமும் இதுதான்.

மூவண்ண ஆண் எப்போதாவது பிறக்கும். பெரும்பாலும் இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் கொண்டதாக இருக்கும், குட்டி போட வைக்கும் சக்தி அநேகமாக இருக்காது. 'ஆண் மூவண்ணம், ப்ரீடிங்குக்கு நல்லது' என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம்.

நேவா மாஸ்கரேட் தனி இனமா? எங்கள் பூனை தில்லிக் குளிரில் கருத்துக்கொண்டே போகிறதே!

பயப்படாதீர்கள், நோய் இல்லை. முகம், காது, கால், வால் மட்டும் அடர்ந்து, உடம்பு வெளிறி, நீலக் கண்ணோடு இருக்கும் சைபீரியனுக்குத்தான் நேவா மாஸ்கரேட் என்று பெயர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஓடும் நேவா ஆற்றிலிருந்து வந்தது. ஃபிஃபே இதைத் தனி இனமாகப் பதிவு செய்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த பூனைச் சங்கங்களான டிகாவும் சிஎஃப்ஏயும் சைபீரியனுக்குள் ஒரு நிறமாகவே வைத்திருக்கின்றன. ஆகவே ஒருவர் 'சைபீரியன்' என்றும் இன்னொருவர் 'நேவா' என்றும் சொன்னால் இருவருமே சரி.

இந்த நிறத்தின் சூட்சுமம் வெப்பத்தில் இருக்கிறது. நிறமி செய்யும் டைரோசினேஸ் என்ற நொதி இந்தப் பூனைகளில் உடல் சூட்டில் சரியாக வேலை செய்யாது, சற்றுக் குளிர்ந்த இடத்தில்தான் செய்யும். தாயின் வயிற்றுக்குள் எங்கும் ஒரே சூடு, அதனால் குட்டி வெள்ளையாகப் பிறக்கிறது. வெளியே வந்ததும் குளிரும் நுனிப்பகுதிகள் முதலில் கருக்கத் தொடங்கும்.

இப்போது தில்லிக்கு வாருங்கள். மே, ஜூனில் 45 டிகிரி, ஜனவரி விடியலில் 5 டிகிரிக்குப் பக்கம். அதிலும் நம் வீடுகளில் ஹீட்டர் ஒரு அறையில்தான் ஓடும், பூனை பால்கனிக் கதவருகே போய்ப் படுக்கும். குளிர்காலத்தில் முளைக்கும் புது முடி கொஞ்சம் அடர்ந்துதான் வரும். முளைத்துவிட்ட முடி நிறம் மாறாது, அடுத்த உதிர்வுவரை அப்படியே இருக்கும். வயது ஏற ஏறவும் உடம்பு கருக்கும். கருத்தடை ஆபரேஷனுக்காக வயிற்றிலோ விலாவிலோ சவரம் செய்த இடத்தில் முடி அடர்ந்த திட்டாக முளைத்து வீட்டாரைக் கலங்கடிப்பதும் இதனால்தான். தோலுக்குக் கம்பளியாக இருந்த முடி போனதால் அந்த இடம் குளிர்ந்துவிட்டது, அவ்வளவே. அடுத்த சுற்று முடியில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். வெயில் தாங்காது என்று நினைத்துச் சைபீரியனை மொட்டையடிக்காதீர்கள். நேவாவாக இருந்தால் நிறமும் கெடும். எந்த நிறமானாலும் தோலை வெயிலிலிருந்து காப்பது அந்த முடிதான். தினமும் சீப்பால் அடிப்பஞ்சை எடுங்கள், குளிர்ந்த தரையில் படுக்க இடம் கொடுங்கள், நடுப்பகலில் கூலரோ ஏசியோ ஓடட்டும்.

வெள்ளைப் பூனைக்குக் காது கேட்காதா?

சிலவற்றுக்குக் கேட்காது. முழு வெள்ளையும் நீலக் கண்ணும் சேர்ந்தால் வாய்ப்பு கூடுதல். ஒரு கண் நீலம், மற்றது வேறு நிறம் என்றால் நீலக் கண் பக்கத்துக் காதுக்கு மட்டும் கேட்காமல் போகலாம். குட்டி வேறு பக்கம் பார்க்கும்போது பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நேவாவின் நீலக் கண்ணுக்கும் காதுக்கும் சம்பந்தம் கிடையாது, அது வேறு மரபணு. காது கேட்காத பூனையும் வீட்டுக்குள் சந்தோஷமாக வாழும், வெளியே விடாமல் இருந்தால் போதும்.

பெற்றோர் போட்டோவை வைத்து விற்பவர் சொல்வதைச் சரிபார்க்க முடியுமா?

முடியும். இந்தப் பக்கத்தில் நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். இரண்டு நேவாக்களுக்கு நேவா குட்டிதான் பிறக்கும். ஆனால் சாதாரண நிறப் பெற்றோர் இருவரிடமும் அந்த மரபணு ஒளிந்திருந்தால் திடீரென்று நேவா குட்டி வரலாம், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. முழுக் கருப்பு ஜோடிக்குக் கோடு போட்ட குட்டி பிறக்காது. முழு வெள்ளைக் குட்டிக்குப் பெற்றோரில் ஒருவர் முழு வெள்ளையாக இருக்க வேண்டும். செவலை அம்மா, கருப்பு அப்பா என்றால் ஆண் குட்டிகள் எல்லாம் செவலை, பெண் குட்டிகள் எல்லாம் டார்ட்டி. அந்த ஈற்றில் ஒரு கருப்பு ஆண் குட்டியைக் காட்டினால் 'அப்பா வேறு ஆளா?' என்று கேட்டுப் பயனில்லை, ஏனென்றால் ஆண் குட்டியின் செவலை நிறம் அம்மாவைப் பொறுத்தது. அப்படியானால் காட்டிய அம்மா அதன் அம்மா இல்லை.

சான்றிதழில் 'எஸ்ஐபி என்எஸ் 22 09' என்று போட்டிருக்கிறதே, என்ன அது?

ஐரோப்பியச் சங்கங்களின் குறியீடு. எஸ்ஐபி என்றால் சைபீரியன். அடுத்து வரும் ஆங்கில எழுத்து நிறத்தைச் சொல்வது: 'என்' கருப்பு, 'ஏ' சாம்பல், 'டி' செவலை, 'இ' க்ரீம், 'எஃப்' கருப்பு டார்ட்டி, 'டபிள்யூ' வெள்ளை. பின்னால் எஸ் வந்தால் சில்வர், ஒய் வந்தால் கோல்டன். எண்களில் 22 கிளாசிக், 23 மேக்கரல், 24 ஸ்பாட்டட், 25 டிக்ட், 33 கலர்பாயிண்ட் (நேவா போல நுனிகள் மட்டும் அடர்ந்தது), 09 வெள்ளை உண்டு, அளவு குறிப்பிடவில்லை என்று பொருள். ஆக உங்களுடையது வெள்ளைத் திட்டுள்ள கருப்பு சில்வர் கிளாசிக் டாபி. பூனையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

நிறத்தை வைத்தே சைபீரியன் என்று உறுதி செய்யலாமா?

முடியாது. பெர்ஷியன் கலப்புக் குட்டிக்கும் இதே நிறங்கள் எல்லாம் வரும். சான்றிதழ்தான் ஆதாரம். சான்றிதழ் இல்லாத நீளமுடிப் பூனையும் அருமையான பூனைதான், சைபீரியன் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

எந்த நிறத்துக்கு அலர்ஜி குறைவு?

நிறம் பார்த்துச் சொல்ல முடியாது. அலர்ஜி தருவது எச்சிலிலும் தோல் சுரப்பியிலும் உள்ள 'ஃபெல் டி 1' என்ற புரதம். சில சைபீரியன்களுக்கு இது குறைவாக இருக்கலாம், எல்லாவற்றுக்கும் இல்லை. வாங்கப்போகும் பூனையோடு சில மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். 'செவலை சாது, டார்ட்டி கோபக்காரி' என்ற பேச்சையும் நம்பிக் குட்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

எங்கள் கருப்புப் பூனை துருப்பிடித்த மாதிரி செம்பட்டையாகிறது. ஏன்?

நாள் முழுக்க வெயிலில் படுத்தால் கருப்பு வெளுக்கும், அது சாதாரணம். ஆனால் நம் வீடுகளில் நான் முதலில் கேட்பது 'என்ன சாப்பாடு?' என்றுதான். கருப்பு நிறமி செய்யப் பூனைக்கு ஃபீனைல்அலனின், டைரோசின் என்ற அமினோ அமிலங்கள் போதுமான அளவு வேண்டும். அவை குறைந்தால் கருப்பு முடி செம்பட்டையாக முளைக்கும். இது ஆய்வில் நிரூபணமானது. வீட்டில் அசைவம் சமைக்காத மாமிகள் பாசத்தோடு பாலும் தயிர்சாதமும் வைத்து வளர்ப்பதைப் பார்க்கிறேன். பாசம் புரிகிறது, பூனைக்கு அது போதாது. பூனை முழுக்க முழுக்க மாமிச உண்ணி. டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். சமைக்க மனம் இல்லையென்றால் 'முழுமையான உணவு' என்று அட்டையில் போட்ட பூனை உணவைப் பாக்கெட்டிலோ டின்னிலோ வாங்குங்கள், கையால் தொடாமலே கிண்ணத்தில் கொட்டிவிடலாம். முடி உதிர்ந்து புதிதாக முளைக்கும்போது வித்தியாசம் தெரியும். தெரியாவிட்டால் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள்.

நிறத்துக்கு டிஎன்ஏ சோதனை செய்ய வேண்டுமா?

குட்டி போட வைக்கும் எண்ணம் இல்லையென்றால் வேண்டாம். கருத்தடை செய்த வீட்டுப் பூனையின் உள்ளே என்ன மரபணு ஒளிந்திருக்கிறது என்பதால் உங்களுக்கு ஆவது ஒன்றுமில்லை. அந்தப் பணத்தில் ஒரு முறை இதய ஸ்கேன் எடுங்கள். இதயத் தசை தடிக்கும் நோய் சைபீரியன்களில் வரக்கூடியது, எந்த நிறத்துக்கும் விலக்கில்லை. குட்டியின் பெற்றோருக்கு அந்த ஸ்கேன் எடுத்த அறிக்கை இருக்கிறதா என்று விற்பவரிடமும் கேளுங்கள்.